டெல்டா கிராமத்து அரசுப் பள்ளியிலிருந்து என்ஐடி, ஐசர் போக முடியுமா?

கேள்வி கேட்ட தங்கச்சி தன்னைப் பற்றிச் சொன்னது இவ்வளவுதான்: நீடாமங்கலம் பக்கம் கிராமம், அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ, கணிதம்–உயிரியல் பிரிவு. அப்பா குத்தகைச் சாகுபடி. இயற்பியல் பிடிக்கும், ஆனால் இன்ஜினியரிங்கா அறிவியலா என்று முடிவு செய்யவில்லை. என்ஐடி (மத்திய அரசின் தேசியத் தொழில்நுட்பக் கழகம்), ஐசர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) மாதிரிப் பெரிய நிறுவனங்களுக்கு எப்படி விண்ணப்பிப்பது, கோச்சிங் இல்லாமல் முடியுமா என்பது கேள்வி.

முடியும். ஆனால் படிப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் காகிதத்தைப் பற்றிப் பேசுகிறேன். ஒரு காகிதம் கையில் இல்லாமல் என்ஐடி இடத்தைக் கோட்டை விட்டவள் நான்.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்கள் ஊர். நான் பிளஸ் டூ படித்தது 2018-19இல். நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தது. எங்கள் கூரை போனது, கொல்லையில் இருந்த பதினொரு தென்னையில் ஒன்பது சாய்ந்தது. கரண்டு வர நாற்பது நாளுக்கு மேல் ஆனது. ஜெனரேட்டர் வைத்திருந்தவரிடம் இருபது ரூபாய் கொடுத்து போன் சார்ஜ் போட்டுக்கொண்டு, சிம்னி விளக்கில் பழைய வினாத்தாள் போட்டுப் பார்த்துத்தான் ஜனவரியில் என்ஐடிக்கான நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயின் எழுதினேன். அப்போது அந்தத் தேர்வு தமிழில் கிடையாது. ஏப்ரலில் மறுபடி எழுதினேன், கொஞ்சம் ஏறியது. ஜூனில் ஓபிசி பிரிவில் ஒரு என்ஐடியில் இடம் வந்துவிட்டது. வீட்டில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை, சந்தோஷத்தில்.

சான்றிதழ் சரிபார்க்கப் போனோம். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என்னுடைய லேமினேட் செய்த சாதிச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ஸ்டேட் பிசிம்மா. சென்ட்ரல் ஓபிசி எங்கே?" என்றார். அப்பாவுக்குப் புரியவில்லை. மஞ்சள் பையிலிருந்து ரேஷன் கார்டு, பட்டா, அம்மாவின் வாக்காளர் அட்டை என்று ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார். அவர் எல்லாவற்றையும் மரியாதையாக அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். ஊருக்கு வந்து இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோம். தாலுகா ஆபீஸில் ஜமாபந்தி, அதாவது வருடாந்தர நிலவருவாய்க் கணக்குத் தணிக்கை, நடந்துகொண்டிருந்தது. சான்றிதழ் கைக்கு வந்தபோது கடைசித் தேதி முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

அதனால் இதை மனப்பாடம் செய்துகொள். நம்மிடம் இருக்கும் பிசி, எம்பிசி சான்றிதழ் தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்கு மட்டும்தான். ஐஐடி, என்ஐடி, ஐசர், மத்தியப் பல்கலைக்கழகம் எல்லாவற்றுக்கும் ஓபிசி நான்-கிரீமி லேயர் சான்றிதழ் (ஓபிசியில் வசதி படைத்த பிரிவில் வராதவர் என்பதற்கானது) வேண்டும், மத்திய அரசுப் படிவத்தில். உங்கள் சாதி மத்தியப் பட்டியலிலும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். இரண்டு பட்டியலும் முழுக்க ஒன்று கிடையாது. ஐஐடி, என்ஐடி கலந்தாய்வுக்கு அந்த வருடம் ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும், போன வருடத்தது செல்லாது. வருமான வரம்பு 8 லட்சம் என்றதும் சிலர் பயந்து பின்வாங்குகிறார்கள். விவசாய வருமானமும் சம்பளமும் அந்தக் கணக்கில் சேராது. நிலம் மிக அதிகமாக வைத்திருப்பவர்களுக்கும் பெரிய அரசுப் பதவியில் இருப்பவர்களுக்கும் தனி விதி உண்டு, குத்தகை விவசாயிக்கு அந்தக் கவலையே இல்லை. எஸ்சி, எஸ்டி என்றால் வருமானச் சிக்கல் கிடையாது, ஆனால் சான்றிதழை மத்திய அரசுப் படிவத்தில்தான் கேட்பார்கள்.

ஏப்ரல் முதல் வாரமே விண்ணப்பம் போட்டுவிடு. விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று மேஜை மேஜையாக நகர்ந்து வரவேண்டும். மே மாதம் தொட்டால் ஜமாபந்தி வந்துவிடும்.

சரி, இப்போது எந்த வாசல் எப்போது திறக்கிறது என்று பார்ப்போம். நம் ஊர் வேளாண்மைக் கணக்கோடு சேர்த்து வைத்துக்கொண்டால் மறக்காது. ஜேஇஇ மெயின் முதல் கட்டத்துக்கு விண்ணப்பம் கடந்த சில வருடங்களாக அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பருக்குள் வருகிறது. சம்பா நடவு முடிந்து அடைமழை பிடிக்கும் நேரம். நெட் இருக்காது, கரண்டு இருக்காது, பள்ளிக்கு லீவு விட்டுவிடுவார்கள். திறந்த முதல் வாரத்திலேயே போட்டுவிட வேண்டும். முதல் கட்டத் தேர்வு ஜனவரியில், பொங்கலை ஒட்டி. இரண்டாம் கட்டம் ஏப்ரலில். இரண்டில் எது நல்ல மதிப்பெண்ணோ அதையே எடுத்துக்கொள்வார்கள், அதனால் இரண்டையும் எழுது. அறுவடை முடிந்து நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டுக் காத்திருக்கும் மாதங்களில் ஐசர் தேர்வுக்கும், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் தேர்வுக்கும் விண்ணப்பம் வரும்; கியூட் ஜனவரியிலேயே வந்துவிடலாம், கவனமாக இரு. மே மாதம் தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வுப் பதிவு. ஜூனில் மேட்டூர் திறக்கும் சமயத்தில் ஐஐடி, என்ஐடிகளுக்கான ஜோசா கலந்தாய்வு தொடங்கும்.

அந்த ஜூன் மாதத்தில்தான் நம் வீடுகளில் கையில் காசு இருக்காது. குறுவைக்கு விதை, உழவு, உரம் என்று போயிருக்கும். ஜோசாவில் இடம் வந்தால் ஏற்புக் கட்டணத்தைச் சில நாட்களுக்குள் ஆன்லைனில் கட்ட வேண்டும், பல ஆயிரம் ரூபாய். தை அறுவடைப் பணம் வந்ததும் ஒரு முப்பதாயிரம், நாற்பதாயிரத்தைத் தனியாக எடுத்து பேங்கில் போட்டு வைக்கச் சொல்லி அப்பாவிடம் இப்போதே பேசு. பிறகு வரும் கட்டணத்துக்கு வழி இருக்கிறது. ஐஐடியிலும் என்ஐடியிலும் எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. மற்றவர்களுக்குக் குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குள் என்றால் முழுத் தள்ளுபடி, 5 லட்சத்துக்குள் என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி.

எங்கெல்லாம் போடலாம்? திருச்சி என்ஐடியை நீ பஸ்ஸிலிருந்தே பார்த்திருப்பாய், தஞ்சாவூர்–திருச்சி ரோட்டில் துவாக்குடியில் இருக்கிறது. 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கியது. அங்கே பாதி இடங்கள் தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு. இது பெரிய விஷயம், நம் பிள்ளைகளுக்கு இது தெரிவதே இல்லை. காரைக்காலில் இருக்கும் புதுச்சேரி என்ஐடி கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் நமக்கு அது வெளிமாநிலக் கணக்குதான். தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பத்துக்கு மத்திய அரசின் நிஃப்டெம் இருக்கிறது. மழையில் அறுத்த ஈர நெல்லைக் கெடாமல் காப்பதற்காக 1960களில் திருவாரூரில் தொடங்கிய சின்ன ஆய்வகம்தான் வளர்ந்து வளர்ந்து அதுவானது. 2021இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்று சட்டமே போட்டார்கள். அங்கும் பி.டெக். சேர ஜேஇஇ மெயின் போதும். களத்தில் நெல் முளைத்துப் போவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் படிப்பு அந்நியமாக இருக்காது.

இயற்பியல் பிடிக்கும் என்றாயே, அதற்காக இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். அறிவியல் படிக்கிறேன் என்றால் நம் ஊரில் "வெறும் பி.எஸ்சி.யா?" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். அதைக் காதில் வாங்காதே. நாட்டில் ஏழு ஐசர்கள் இருக்கின்றன. நமக்குப் பக்கம் திருப்பதியும் திருவனந்தபுரமும். ஐந்து வருடப் படிப்பு, ஆராய்ச்சியை மையமாக வைத்தது. அதற்கான தேர்வில் 60 கேள்விகள்: இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஒவ்வொன்றிலும் 15. சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 குறையும். கம்ப்யூட்டர் குரூப் பிள்ளைகள் அந்த உயிரியல் 15இல் திணறுவார்கள். நீ கணிதம்–உயிரியல் பிரிவு, நான்கும் உன் கையில் இருக்கிறது. இதை ஒரு கொடுப்பினை என்றே நினை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகமான ஐஐஎஸ்சியும் தன்னுடைய இளநிலை அறிவியல் படிப்புக்கு இந்த மதிப்பெண்ணைப் பார்க்கிறது, ஆனால் அங்கே தனியாக விண்ணப்பம் போட வேண்டும். இன்னொன்று உன் வீட்டுக்கு வெகு பக்கத்தில்: திருவாரூர் நீலக்குடியில் 2009இல் வந்த மத்தியப் பல்கலைக்கழகம். வட மாநிலத்திலிருந்தும் கேரளாவிலிருந்தும் பிள்ளைகள் ரயிலேறி வந்து படிக்கிறார்கள். சுற்று வட்டாரக் கிராமத்துப் பிள்ளைகள் கியூட் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது ஆறாத வருத்தம். கியூட்டைத் தமிழிலேயே எழுதலாம்.

ஜேஇஇ மெயினும் 2021லிருந்து தமிழில் வருகிறது. திரையில் ஆங்கிலமும் கூடவே இருக்கும். ஐஐடிக்கான அட்வான்ஸ்டு தேர்வு மட்டும் ஆங்கிலம், இந்தி இரண்டில்தான். அதனால் இப்போதிருந்தே உன் இயற்பியல் புத்தகத்தின் கடைசியில் இருக்கும் கலைச்சொற்களை எடுத்து, திருப்பு விசை என்றால் டார்க், நிலைமம் என்றால் இனெர்ஷியா என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வா. நான் முதல் தடவை எழுதியபோது தெரிந்த கணக்கு மூன்றை வார்த்தை புரியாமல் விட்டேன்.

கோச்சிங் பற்றி என் கருத்து இது. அட்வான்ஸ்டில் நல்ல ரேங்க் வாங்க வழிகாட்ட ஆள் தேவை, அதை மறைத்துப் பேச மாட்டேன். மெயினுக்கும் ஐசருக்கும் நம் பாடநூலும், என்சிஇஆர்டி புத்தகமும், பத்து வருடத்துப் பழைய வினாத்தாளும், கேட்டால் சொல்லிக்கொடுக்கும் ஓர் ஆசிரியரும் போதும். நிலத்தை விற்றோ நகையை அடகு வைத்தோ வெளியூர்க் கோச்சிங் போகாதே. ஆனால் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை விட்டுவிடாதே. பொதுத்தேர்வு பன்னிரண்டாம் வகுப்புக்குத்தான் என்று அதை மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள். நுழைவுத் தேர்வில் ஏறக்குறைய பாதி அங்கிருந்துதான் வரும். பிளஸ் டூ மதிப்பெண்ணும் முக்கியம். என்ஐடிக்கு 75 சதவீதம் வேண்டும், எஸ்சி, எஸ்டிக்கு 65.

இதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். தமிழ்நாட்டுக் கலந்தாய்வை இரண்டாம்பட்சமாக நினைக்காதே. நுழைவுத் தேர்வு கிடையாது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கட் ஆஃப். நீ ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளி என்றால் 2021இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு உனக்கு உண்டு. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. நடுவில் ஒரு வருடம் உதவி பெறும் பள்ளியில் படித்திருந்தாலும் கிடைக்காது, அதனால் எல்லாப் பள்ளியிலும் படித்ததற்கான சான்று வாங்கி வை. அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி, குரோம்பேட்டை வளாகங்களில் நம்மூர்ப் பிள்ளைகள் இப்போது அந்த வழியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கலந்தாய்வில் கல்லூரி விருப்பம் பதியும்போது கஞ்சத்தனம் வேண்டாம். போன வருடம் எங்கள் ஊர்த் தம்பி ஒருவன், 178.5 கட் ஆஃப், பிரவுசிங் சென்டரில் ஆறே கல்லூரி போட்டுவிட்டு எழுந்துவிட்டான். "பிடிச்சதைத்தானேக்கா போடணும்?" என்றான். மறுபடி உட்காரவைத்தேன். முந்தைய வருடங்களில் எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், எந்த மதிப்பெண்ணில் முடிந்தது என்ற பட்டியலை விரித்து, பிடித்த வரிசையில் மேலே இருந்து கீழே போட்டுக்கொண்டே வந்தோம். ராத்திரி ஒன்பதரைக்கு 94 ஆனது. அவனுக்கு வந்தது 31ஆவது. ஆறோடு நின்றிருந்தால் அந்தச் சுற்றில் கையை வீசிக்கொண்டு வந்திருப்பான். ஒதுக்கீடு வந்ததும், இதை வைத்துக்கொண்டு மேலே இருப்பது கிடைத்தால் மாறுகிறேன் என்று சொல்லும் வசதியும் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்ல இரண்டு மூன்று நாள்தான் கொடுப்பார்கள், போனைக் கையிலேயே வைத்திரு.

என் கதையின் மீதி சுருக்கம். நான் அந்தக் கலந்தாய்வில் ஒரு அரசுப் பொறியியல் கல்லூரியில் மின்னியல் எடுத்தேன், கடைசி வருடத்தில் மேற்படிப்புக்கான கேட் தேர்வு எழுதினேன், 2023இல் ஒரு என்ஐடியில் எம்.டெக். சேர்ந்தேன். மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையோடு படிக்க முடிந்தது. அந்த வருடம் ஏப்ரல் முதல் வாரமே ஓபிசி சான்றிதழுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டேன். சேர்க்கைக்கு அப்பாவும் வந்தார், அதே மஞ்சள் பையோடு.

இப்போது காலாண்டுத் தேர்வு நேரம், உன்னைப் படிப்பிலிருந்து இழுக்க மாட்டேன். ஒரே ஒரு வேலை மட்டும் செய். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உன் பெயர், இனிஷியல், பிறந்த தேதி, அப்பா பெயர் நான்கையும் எழுத்து எழுத்தாகச் சரிபார். ஒன்றில் ராசு, இன்னொன்றில் ராஜ் என்று இருந்த ஒரு பையனுக்காகப் போன வருடம் நான் மூன்று முறை அலைந்தேன். எது மாறியிருந்தாலும் மழை பிடிப்பதற்குள் ஆதார் மையத்துக்குப் போய்த் திருத்திவிடு, அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ.