சைக்கிளும் சம்பளமும்

அன்புள்ள அக்கா,

வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் பொது இயக்கங்கள் சேர்ந்து நடத்திய கூட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். வறுமை ஒழிப்பு, நிலைத்த மேம்பாடு, அந்நியத் தொழிலாளர் உரிமை என்று மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பேசினார்கள் என்று மகிழ்ந்து எழுதியிருந்தீர்கள். எனக்கு அது நெருடுகிறது. நான் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டத்தை விற்று வீடமைப்புத் திட்டம் கொண்டுவந்தபோது என் பெற்றோர் சில ஆயிரம் ரிங்கிட்டோடு வெளியேறினார்கள். இன்று மலிவு விலை அடுக்ககத்தில் மழைக்காலத்தில் வாளி வைத்துத்தான் தூங்குகிறோம். வெளிநாட்டு ஆட்களை இறக்கியதால்தான் என் மகனைப் போன்றவர்களுக்குச் சம்பளம் ஏறவில்லை. நம் கூரை ஒழுகும்போது அடுத்த வீட்டுக்கு ஓடு மாற்றப் போகலாமா? மேலும், கூட்டணி என்ற பெயரில் கூடி அறிக்கை வாசிப்பதைத் தவிர இவர்கள் செய்ததுதான் என்ன?

அன்புடன்,
க., பட்டர்வொர்த்

அன்புள்ள தம்பி,

நீங்கள் சொல்வதில் பாதி அப்படியே உண்மை. வெளியிலிருந்து ஆள் இறக்கித்தான் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் சம்பளத்தை ஏறவிடாமல் பிடித்து வைத்தார்கள். அடி வாங்கியவர்களில் நம்மவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். இதை மறுக்கும் இயக்கத்துக்காரர் எவராவது இருந்தால் அவரோடு எனக்கும் சண்டைதான். ஆனால் பிடித்து வைத்த கை யாருடையது என்று பார்க்க வேண்டும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பிரிக்பீல்ட்ஸில் ஓர் உணவகத்தின் பின்சந்தில் ஒரு பையனைச் சந்தித்தேன். சிவகங்கைப் பக்கத்துக்காரன். வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு, பள்ளிப் பிள்ளைகள் எழுதும் நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினான். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே ஏஜெண்டுக்குக் கொடுத்தது 1,40,000 ரூபாய், அக்கா நகை அடகு, வட்டி. அடுத்த பக்கங்களில் மாதவாரியாகப் பிடித்தம்: தங்குமிடம், லெவி, முன்பணம். கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'வீட்டுக்கு அனுப்பியது'. மூன்று மாதங்களுக்கு அந்தக் கட்டத்தில் வெறும் கோடு இழுத்திருந்தான். லெவி என்பது வெளிநாட்டு ஆளை வேலைக்கு வைப்பதற்கு அரசாங்கம் வாங்கும் கட்டணம். 2018 முதல் அதை முதலாளிதான் கட்ட வேண்டும். பிறருடைய கடப்பிதழை, அதாவது பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். அவனுடைய கடப்பிதழ் முதலாளியின் இழுப்பறையில் இருந்தது. கேட்டாயா என்றேன். "கேட்டால் பெர்மிட்டை ரத்து செய்துவிடுவேன் என்கிறார், அக்கா" என்றான்.

என் தாத்தாவுக்கு எழுதத் தெரியாது. அவருடைய பற்றுக் கணக்கு கங்காணியிடம் இருந்தது. இந்தப் பையன் தன் கடனைத் தானே எழுதி வைத்திருந்தான். அதைத் தவிர வேறு வித்தியாசம் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

உங்கள் மகன் அதே உணவகத்தில் வேலை பார்த்தால், சம்பளம் தாமதமான மறுநாளே வேறு கடைக்குப் போய்விடுவார். இவன் போக முடியாது. பெர்மிட் ஒரே முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. வாசலைத் தாண்டினால் சட்டவிரோதக் குடியேறி. குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் 1,700 ரிங்கிட் ஆனது. சட்டப்படி அது இரண்டு பேருக்கும்தான். ஆனால் எதிர்த்துக் கேட்கக்கூடியவனை விட்டுவிட்டு, கேட்க முடியாதவனைத்தானே முதலாளி தேடுவார்? இவன் கட்டு அவிழாதவரை உங்கள் மகனுக்கும் சம்பளம் ஏறாது, தம்பி. இதை இரக்கத்தால் சொல்லவில்லை. கணக்கு அப்படித்தான் வருகிறது.

மூன்றையும் ஏன் ஒரே மேசையில் வைக்கிறார்கள் என்று கேட்டீர்கள். 1941-ஐ நினைத்துப் பாருங்கள். கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் பாட்டன்மார் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு என்று கேட்டவர்கள் அத்தோடு நிற்கவில்லை. கள்ளுக்கடையை மூடு என்றார்கள். பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம், ஒழுங்கான மருத்துவம், எங்கள் பெண்கள்மேல் கை வைக்காதே, சங்கம் வைக்க விடு என்றார்கள். வெள்ளைக்காரத் துரை எதிரே வரும்போது சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்றும் சொன்னார்கள். இந்தப் பட்டியலை எத்தனை முறை படித்தாலும் அந்தச் சைக்கிளில் வந்து நின்றுவிடுகிறேன். கூலி கேட்கும் இடத்தில் சைக்கிள் எதற்கு என்று அவர்களுக்குள் யாராவது கேட்டிருந்தால் மற்றவர்கள் சிரித்திருப்பார்கள். 2015-இல் ஐ.நா. நிலைத்த மேம்பாட்டுக்கு 17 இலக்குகளை வகுத்து, வறுமையையும் கல்வியையும் உடல்நலத்தையும் கண்ணியமான வேலையையும் பாதுகாப்பான புலம்பெயர்வையும் ஒரே ஏட்டில் சேர்த்தது. கிள்ளான்காரர்கள் அதற்கு 74 ஆண்டுகள் முந்திவிட்டார்கள்.

அவர்களை எப்படி அடக்கினார்கள் என்பதையும் பாருங்கள். ராணுவம் வந்தது, துப்பாக்கி வெடித்தது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர்.எச்.நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். வாயைத் திறந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்ற அதே மிரட்டலைத்தான் பிரிக்பீல்ட்ஸ் பையனும் கேட்டான். அன்று நாம்தான் 'அந்நியத் தொழிலாளர்'. நம் நாளிதழ்கள் இன்றும் கூசாமல் எழுதும் அந்தச் சொல்லை நான் எழுதுவதை விட்டு நெடுநாளாகிறது.

இப்போது உங்கள் கூரைக்கு வருகிறேன். அது சிறிய விஷயமே இல்லை. 2016-இல் இந்த நாட்டில் வறுமை வெறும் 0.4 விழுக்காடு என்று அரசாங்கப் புள்ளிவிவரம் சொன்னது. மாதம் 980 ரிங்கிட்டுக்குக் கீழே வருமானம் உள்ள குடும்பம்தான் ஏழை என்பது அன்றைய கணக்கு. கோலாலம்பூரில் 980 ரிங்கிட்டில் ஒரு குடும்பம் எப்படிச் சாப்பிடும்? ஆய்வாளர்களும் இயக்கங்களும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2019 ஆகஸ்டில் வந்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டனும், நாட்டின் வறுமைக்கோடு நம்ப முடியாத அளவுக்குத் தாழ்வானது என்றார். மறு ஆண்டு கோடு 2,208 ரிங்கிட்டாக மாறியது. அதே 2016-ஐப் புதிய கோட்டில் அளந்தபோது 7.6 விழுக்காடு வந்தது. ஒரே ஆண்டு, அதே குடும்பங்கள். அதுவரை அவர்கள் ஏட்டில் இல்லை; ஏட்டில் இல்லாதவனுக்கு எந்த அலுவலகத்திலும் நாற்காலி கிடையாது. எல்லாம் இயக்கங்களால் வந்த மாற்றம் என்று சொல்லமாட்டேன். அவை வாயை மூடிக்கொண்டிருந்தால் வந்திருக்காது என்று சொல்வேன். இன்னும் ஒன்று: குடிமக்களின் குடும்பங்களை மட்டும் எண்ணும் அந்தக் கணக்கில் நம் பையன் இன்றும் கிடையாது.

செய்ததுதான் என்ன என்ற கேள்விக்கு அவன் வழக்கையே சொல்கிறேன். தொழிலாளர் துறையில் புகார் கொடுத்த வாரத்திலேயே பெர்மிட் ரத்தானது. வழக்கு முடியும்வரை நாட்டில் இருக்கக் குடிநுழைவுத் துறையின் சிறப்பு அனுமதி வேண்டும். அதை வைத்துக்கொண்டு வேலை செய்யக் கூடாது. அப்படியானால் அதுவரை எங்கே தங்குவது, எதைச் சாப்பிடுவது? ஓர் அமைப்பு படுக்க இடம் கொடுத்தது. இன்னொன்றின் வழக்கறிஞர் காகிதம் எழுதினார். ஒரு தொழிற்சங்கக்காரர் அவனோடு போய் வரிசையில் நின்றார். கோயிலில் அன்னதானம் செய்யும் குழு அரிசி அனுப்பியது. ஓர் இயக்கம் தனியாக இத்தனையையும் சுமக்க முடியாது. தனியாக நிற்பவரைக் குறி வைப்பதும் எளிது. தோட்ட மண்ணிலிருந்து வந்த ஐரின் பெர்னாண்டஸ் 1995-இல் தடுப்பு முகாம்களின் கொடுமையை அறிக்கையாக வெளியிட்டார். அதற்காக அவர்மேல் போட்ட வழக்கிலிருந்து அவர் விடுதலையாக 2008 ஆயிற்று. ஒரு மனுவில் முப்பது அமைப்புகள் கையெழுத்துப் போடுவது ஏன் என்று இப்போது புரியும் என்று நினைக்கிறேன்.

உங்கள் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. கூட்டணிகளின் அறிக்கைகள் ஆங்கிலத்தில் வருகின்றன, பிறகு மலாயில் வருகின்றன, தமிழில் பெரும்பாலும் வருவதில்லை. செந்தூல் கூட்டத்தில் தட்டு கழுவும் தொழிலாளி ஒருவர்கூடப் பேசவில்லை. அடுக்ககத்தில் வாளி வைக்கும் குடும்பமும் பேசவில்லை. இதை அங்கேயே எழுந்து சொன்னேன், சிலருக்குப் பிடிக்கவில்லை. அடுத்த கூட்டம் பட்டர்வொர்த்தில் வைக்கலாம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அப்படி நடந்தால் உங்கள் அடுக்ககத்தில் எத்தனை வீடுகள் ஒழுகுகின்றன, பராமரிப்புக்கு யார் பொறுப்பு என்பதை எழுதி எடுத்துக்கொண்டு வாருங்கள். முதல் ஆளாக உங்களைப் பேசவிடச் சொல்லி நான் கேட்பேன்.

அந்தப் பையனுக்கு வர வேண்டிய சம்பளத்தில் பாதிக்குச் சற்று மேல் கிடைத்தது. ஊர் திரும்புவதற்கு முந்திய நாள், அந்த நோட்டைப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். சரி என்றான். எடுத்து முடித்ததும் வாங்கிப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டான். அக்கா நகை இன்னும் மீளவில்லை, கணக்கு எழுத வேண்டும் என்றான்.

அன்புடன்,
அக்கா