குருப்பட்டத்தை விட்டு விலகிய ஃபாதர் மந்திரித்த திருமணம் செல்லுமா?

கத்தோலிக்க வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “2012-ல் எங்கள் கல்யாணத்தை மந்திரித்து நடத்திவைத்தவரும், பிறகு மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரும் அப்போதைய எங்கள் பங்குச்சாமியார். பல வருடம் அவரிடம்தான் பாவசங்கீர்த்தனமும் (பாவ அறிக்கை) செய்தோம். இப்போது அவர் குருத்துவத்தை விட்டே போய்விட்டார். குருப்பட்டம் வாங்கும் முன்பே ஒரு பெண்ணின் கருக்கலைப்புக்குத் துணைபோனவர், அதை ஆயரிடம் மறைத்தார் என்கிறார்கள். அப்படிப் பார்த்தால் அவர் குருவே இல்லையாமே? எங்கள் திருமணம் செல்லுமா? மகளுக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுக்க வேண்டுமா?”

அம்மா, உங்கள் திருமணம் செல்லும். மகளின் ஞானஸ்நானமும் செல்லும். மறுபடி எதுவும் செய்ய வேண்டாம்.

ஊரில் பேசுகிறவர்கள் இரண்டு கேள்விகளைக் குழப்பிக்கொள்கிறார்கள். இவருக்குப் பட்டம் கொடுத்திருக்கலாமா என்பது ஒன்று. கொடுத்த பட்டம் செல்லுமா என்பது வேறொன்று. பட்டம் பெறுகிறவரிடம் செல்லுபடிக்காகத் திருச்சபைச் சட்டம் கேட்பது மிகக் கொஞ்சம்: அவர் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்ற ஆணாக இருக்க வேண்டும் (சட்ட எண் 1024), கட்டாயத்தால் அல்லாமல் தானே விரும்பிப் பெற வேண்டும். உண்மையான ஆயர் தலைமேல் கைகளை வைத்து அதற்குரிய மன்றாட்டைச் சொன்னால் அவர் குருதான்.

மற்ற நிபந்தனைகள் நிறைய உண்டு. 25 வயது நிறைந்திருக்க வேண்டும், குருமடப் பயிற்சி முடித்திருக்க வேண்டும், புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவராக இருக்கக் கூடாது. கொலை செய்தவர், கருக்கலைப்புக்கு உடந்தையாக இருந்தவர், தற்கொலைக்கு முயன்றவர் போன்றோரை 1041-ஆம் சட்டம் தடுக்கிறது. நீங்கள் சொல்லும் தடை இலேசானதல்ல. அதை நீக்கும் அதிகாரம் ஆயருக்குக்கூட இல்லை, ரோமைதான் நீக்க வேண்டும். அதை மறைத்துப் பட்டம் வாங்கியது உண்மையானால் அது பெரிய தவறு; குருப்பணியைச் செய்யவும் அவருக்கு அனுமதி இருந்திருக்காது. ஆனாலும் பட்டம் பட்டம்தான்.

அவர் விலகியதாலும் இது மாறாது. செல்லுபடியாகப் பெற்ற குருத்துவம் ஒருபோதும் இல்லாமல் போவதில்லை என்கிறது 290-ஆம் சட்டம். விலகியவர் குருப்பணி செய்யக் கூடாது, அவ்வளவுதான். அதிலும் ஒரு விலக்கு உண்டு: சாகக் கிடக்கும் ஒருவருக்கு அவர் இன்றும் பாவமன்னிப்பு அளிக்கலாம், அது செல்லும். ஒருவரும் கைவிடப்படக் கூடாது என்று நினைத்து எழுதிய சட்டம் இது. எனக்கு மிகவும் பிடித்தது.

இந்தச் சண்டை புதிதல்ல. ரோமைப் பேரரசர் தியோக்கிளேசியன் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய வேதகலாபனையில், அதாவது 303-க்குப் பிறகு, பயந்துபோய்த் திருநூல்களை ஒப்படைத்த ஆயர்கள் கொடுத்த பட்டம் செல்லாது என்று வட ஆப்பிரிக்காவில் ஒரு கூட்டம் பிரிந்துபோனது. தொனாத்துவாதிகள் என்று அவர்களுக்குப் பெயர். 314-ல் ஆர்ல் நகரில் கூடிய ஆயர்கள் சங்கம் அதை ஏற்கவில்லை. பேதுரு கொடுத்தாலும் யூதாசு கொடுத்தாலும் திருமுழுக்குக் கொடுப்பவர் கிறிஸ்துவே என்று பின்னாளில் புனித அகுஸ்தீனார் வாதாடினார். சாமியாரின் மனச்சாட்சியைத் துருவித்தான் நம் அருளடையாளங்களை (ஞானஸ்நானம், நற்கருணை போன்றவை) நம்ப வேண்டும் என்றால், எந்த ஞாயிறு பூசையிலும் நிம்மதியாக நற்கருணை வாங்க முடியாது.

உங்கள் மகள் விஷயத்தில் இவ்வளவுகூடத் தேவையில்லை. அவசரத்தில் ஒரு நர்ஸ்கூடக் கொடுக்கலாம் ஞானஸ்நானம். தண்ணீர், சரியான வார்த்தைகள், திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணம், இவை போதும். நம் லத்தீன் வழிபாட்டு முறையில் திருமணத்தின் பணியாளர்கள் மணமக்களே. குரு திருச்சபையின் பெயரால் சம்மதத்தைக் கேட்டுப் பெறும் சாட்சி. அன்று அவர் உங்கள் பங்குத்தந்தை, அதனால் அந்த அதிகாரம் அவருக்கு இருந்தது. (மார்த்தாண்டம் பக்கத்துக் கிழக்கத்தியக் கத்தோலிக்கரின் சீரோ மலங்கரா முறையில் குருவின் ஆசீர் செல்லுபடிக்கே அவசியம்.) பாவசங்கீர்த்தனமும் அப்படியே: அவர் குரு, மன்னிக்கும் அதிகாரமும் கையில் இருந்தது. பெற்ற மன்னிப்பைச் சந்தேகிக்காதீர்கள்.

நிஜமாகவே குருவாக இல்லாமல் போன சம்பவம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் 2017-ல் பட்டம் பெற்ற மாத்யூ ஹூட், 2020-ல் தம் குழந்தைப் பருவ ஞானஸ்நான வீடியோவைப் பார்த்தார். “நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்” என்பதற்குப் பதில் “நாங்கள்” என்று அதில் திருத்தொண்டர் (டீக்கன்) சொல்லியிருந்தார். அது செல்லாது என்று வத்திக்கான் அப்போதுதான் அறிவித்திருந்தது. திருமுழுக்கு இல்லாததால் பட்டமும் இல்லை. திருமுழுக்கு, உறுதிபூசுதல், பட்டம் எல்லாவற்றையும் அவர் முதலிலிருந்து பெற்றார். அதற்குள் அவர் செய்த பூசைகளும் கொடுத்த பாவமன்னிப்பும் செல்லவில்லை. ஆனால் அவர் கொடுத்த ஞானஸ்நானங்கள் செல்லும். அவருடைய நடத்தையில் ஒரு குறையும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஒன்றை மட்டும் சரிபாருங்கள். உங்கள் திருமணத் தேதியில் அவர் அந்தப் பங்கில் பொறுப்பில்தான் இருந்தாரா? திருமணப் பதிவேட்டில் இருக்கும். அவர் விலகியபின், அல்லது ஆயர் பணித்தடை விதித்தபின் உறவினர் யாருக்காவது கல்யாணம் மந்திரித்திருந்தால் அது வேறு வழக்கு; அவர்கள் இப்போதைய பங்குத்தந்தையைப் போய்ப் பார்க்கட்டும், சரிசெய்ய வழி இருக்கிறது. மகளின் உறுதிபூசுதலுக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பார்கள். பங்கு அலுவலகத்தில் புதுப் பிரதி வாங்கிக் கொடுங்கள். அதில் அவர் பெயர் இருப்பது ஒரு தடையும் இல்லை.