ஓரிகன் பாதையில் ஓர் எள்ளுத் தாத்தா

அன்புள்ள ஆசிரியருக்கு,

போர்ட்லண்டில் மகள் வீட்டில் இருக்கிறேன். மாப்பிள்ளை அமெரிக்கர். சம்பந்தியம்மா அடிக்கடி சொல்வார்: "எங்கள் எள்ளுத் தாத்தா 1852-ல் மாட்டு வண்டியில் ஓரிகன் வந்தார். வழியில் செவ்விந்தியர்களோடு சண்டை போட்டார். 640 ஏக்கர் நிலத்தைத் தன் உழைப்பால் சம்பாதித்தார்." இதற்கு மேல் அந்த வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அவர் மனைவியின் பெயர்கூடத் தெரியாது. பேரனுக்கு இதைத் தமிழில் எழுதி வைக்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

ஆர்.

அன்புள்ள அம்மா,

சம்பந்தி வீட்டு முன்னோரைத் தேட நீங்கள் முனைவதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அந்தப் பையனுக்கு இரண்டு பக்கமும் பாட்டன் பூட்டன் உண்டு அல்லவா?

1852-லிருந்து தொடங்காதீர்கள். சம்பந்தியம்மாவின் பிறப்புச் சான்றிதழிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போங்கள். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகள் 72 ஆண்டுகள் கழித்தே பொதுமக்களுக்குத் திறக்கப்படுகின்றன. இப்போது 1950 வரை பார்க்கலாம். 1890-ஆம் ஆண்டு ஏடுகள் வாஷிங்டனில் 1921-ல் நடந்த தீ விபத்தில் பெரும்பாலும் போய்விட்டன. அதனால் 1900-லிருந்து 1880-க்குத் தாண்டும்போது மட்டும் கவனம் வேண்டும். ஒரே பெயரில் இருவர் இருந்தால் அங்கேதான் ஆள் மாறிப்போவார்.

நீங்கள் முதலில் நிதானமாக உட்கார வேண்டிய இடம் 1860 ஏடு. குடும்பத்தில் ஒவ்வொருவரின் வயதும், எந்த மாநிலத்தில் பிறந்தார் என்பதும் அதில் இருக்கும். மூத்த பிள்ளை ஒஹாயோ, அடுத்தது இல்லினாய், அதற்கடுத்தது மிசௌரி, கடைக்குட்டி ஓரிகன் என்று இருந்தால், வண்டி கட்டுவதற்கு முன்பே அந்தக் குடும்பம் எப்படிப் படிப்படியாக மேற்கே நகர்ந்திருக்கிறது என்பது வயதுக் கணக்கோடு தெரிந்துவிடும். பலரும் ஒரே மூச்சில் மேற்கே போனவர்கள் அல்ல. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இரண்டு மூன்று ஊர் மாறிய பிறகே, மிசௌரி ஆற்றங்கரையிலிருந்து ஓரிகன் வரை 2,000 மைல் போகும் ஓரிகன் பாதையில் வண்டிப் பயணத்துக்குத் துணிந்தார்கள்.

அடுத்தது நிலம். இங்கேதான் உங்கள் கடிதத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. ஓரிகனில் குடியேறியவர்களுக்கு நிலம் வழங்கிய சட்டம் 1850-ல் வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 1-க்குள் குடியேறிய தம்பதிக்கு 640 ஏக்கர். அதன் பிறகு 1855 வரை வந்தவர்களுக்கு அதில் பாதி, 320 ஏக்கர்தான். ஆகவே 1852, 640 இரண்டும் இந்தச் சட்டப்படி சேர்ந்து வராது. அவர் முன்பே வந்திருக்கலாம். அல்லது பக்கத்து நிலத்தைப் பின்னால் விலைக்கு வாங்கியிருக்கலாம். அண்ணன் தம்பி இருவர் அருகருகே எடுத்த நிலம் கதையில் ஒன்றாகிவிட்டதும் உண்டு. நிலம் கேட்டு அவர் விண்ணப்பித்த அரசுக் கோப்பைப் பார்த்தால் எது என்று தெரியும்.

இதைவிட முக்கியமான ஒன்று. அந்த நிலத்தில் சரிபாதி மனைவியின் பெயரில், அவருடைய சொந்த உரிமையாகக் கொடுக்கப்பட்டது. திருமணமான பெண்ணுக்குத் தனிச் சொத்து என்பது அரிதாக இருந்த காலம் அது. (இதன் இருண்ட பக்கமும் உண்டு: பாதி நிலத்துக்காகப் பதின்மூன்று பதினான்கு வயதுச் சிறுமிகளையும் மணம் முடித்தார்கள்.) ஆகவே கோப்பில் மனைவியும் இருப்பார். கணவன் பிறந்த ஊர், ஆண்டு, ஓரிகன் வந்து சேர்ந்த தேதி, நிலத்தில் குடியேறிய தேதி, திருமணம் நடந்த நாள், மாவட்டம், மனைவியின் முதற்பெயர் ஆகியவை இந்தக் கோப்புகளில் வழக்கமாக இருக்கும். திருமணம் நடந்த மாவட்டத்தின் பதிவேட்டைத் தேடினால் அவருடைய பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் கிடைக்கும். அங்கிருந்து அவர் அப்பா, அம்மா என்று இன்னொரு வழி திறக்கும். நூற்றெழுபது ஆண்டுகளாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத பெயரை நீங்கள் சொல்லப்போகிறீர்கள்.

மூலக் கோப்புகள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. உங்கள் போர்ட்லண்டிலேயே இருக்கும் ஓரிகன் மரபுவழி ஆய்வு மன்றம் அவற்றின் சாரத்தை நூல்களாக வெளியிட்டிருக்கிறது. அதை முதலில் பாருங்கள். அதில் சாட்சி சொன்ன அக்கம்பக்கத்தார் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர்களில் உறவினரோ, ஒரே வண்டிக் கூட்டத்தில் வந்தவரோ இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் எள்ளுத் தாத்தா ஒரு வரிகூட எழுதாமல் போயிருக்கலாம். கூட வந்த யாராவது நாட்குறிப்பு வைத்திருந்தால், அது அவருடைய வழியும்தான்.

1852-ல் அந்தப் பாதையில் எழுதப்பட்ட ஒரு நாட்குறிப்பைச் சொல்கிறேன். இல்லினாயிலிருந்து புறப்பட்ட ஸ்காட் குடும்பத்தில், தினமும் எழுதும் பொறுப்பை அப்பா 17 வயது மகள் அபிகெயிலிடம் கொடுத்தார். ஜூன் மாதம் வழியிலேயே காலராவில் அம்மா இறந்தார். ஆகஸ்டில் தம்பியும் இறந்தான். மகள் எழுதிக்கொண்டே வந்தாள். பின்னாளில் அபிகெயில் ஸ்காட் டனிவே என்ற பெயரில் ஓரிகன் பெண்களின் வாக்குரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராடி, 1912-ல் அது கிடைத்ததையும் கண்டவர் அவர்.

சண்டைக் கதையை அப்படியே எழுதிவிடாதீர்கள். அந்தப் பாதையில் மிக அதிகமாகக் கொன்றது நோய், அதிலும் காலரா. ஆற்றைக் கடக்கும்போது மூழ்கியவர்களும், தங்கள் துப்பாக்கி வெடித்தே இறந்தவர்களும் நிறைய. பிணத்தைப் புதைத்துவிட்டு, தோண்டப்படாமல் இருக்க அதன்மேல் வண்டிகளை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"தன் உழைப்பால் சம்பாதித்த நிலம்" என்பதையும் யோசியுங்கள். உழைத்தார், அதில் சந்தேகமே இல்லை. நான்கு ஆண்டுகள் குடியிருந்து பயிர் செய்தால்தான் நிலம் கைக்கு வரும். ஆனால் அது இலவசமாகக் கிடைத்த நிலம், கறுப்பினத்தவருக்கு மறுக்கப்பட்ட நிலம். 1844-ல் அதே பாதையில் வந்த ஜார்ஜ் புஷ் என்ற கறுப்பினக் குடியானவர், இன்றைய வாஷிங்டன் மாநிலத்தில் தாம் உழுத நிலத்தை வைத்துக்கொள்ள 1855-ல் அமெரிக்கக் காங்கிரஸ் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. ஓரிகனின் வில்லமட் பள்ளத்தாக்கில் அந்த நிலத்தின் பழைய மக்கள் கலப்பூயா என்ற பழங்குடியினர். 1830-களின் காய்ச்சலில் அவர்களில் பெரும்பாலோர் மாண்டார்கள். மிஞ்சியவர்களோடு ஒப்பந்தம் போட்டது 1855-ல். பழங்குடியினருக்கென ஒதுக்கிய கிராண்ட் ரோண்ட் பகுதிக்கு அவர்களை அனுப்பியது 1856-ல். நிலத்தை மற்றவர்களுக்குப் பங்கிட்ட சட்டமோ 1850-லேயே வந்துவிட்டது. இந்த நான்கு காலக் குறிப்புகளையும் பேரனுக்கு வரிசையாக எழுதுங்கள். அவனுக்குப் புரியும். எள்ளுத் தாத்தாவை இதற்காகத் தூற்ற வேண்டியதில்லை, மறைக்கவும் கூடாது.

கோப்பில் நில அளவை எண்கள் கிடைத்ததும், மத்திய நில நிர்வாகத் துறையின் இணையதளத்தில் பழைய அளவை வரைபடத்தைத் தேடுங்கள். அளவையர்கள் அன்றிருந்த வீடுகளையும் வயல்களையும் பாதைகளையும் பல வரைபடங்களில் குறித்திருக்கிறார்கள். ஓரிகன் நிலங்களையெல்லாம் அளக்கத் தொடக்கப்புள்ளியாக 1851-ல் குறித்த இடம் போர்ட்லண்டின் மேற்குக் குன்றுகளில் இருக்கிறது, வில்லமட் கல் என்று பெயர். பேரனை ஒரு நாள் அங்கே கூட்டிப் போங்கள். சாட்சிகளின் பெயர் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள், அவர்களையும் 1860 ஏட்டில் சேர்ந்து தேடுவோம்.