குணா குகைக்குள் ‘ஸ்பெஷல் என்ட்ரி’: முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: சென்னையில் இருக்கிறோம். அப்பாவுக்கு 71 வயது, முட்டி வலி உண்டு. ‘மூன்றாம் பிறை’, ‘குணா’ எடுத்த இடங்களை ஒரு தடவையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஏஜென்ட் ஒருவர் ஊட்டி, கொடைக்கானல் இரண்டையும் இரண்டே நாளில், தனி கார், சினிமா கைடு வைத்து 28,000 ரூபாய்க்குக் காட்டுவதாகச் சொல்கிறார். குணா குகைக்குள் இறங்க ஸ்பெஷல் அனுமதியும் வாங்கித் தருவாராம். இ-பாஸுக்கு 1,500 தனி. பத்தாயிரம் முன்பணம் கேட்கிறார். நாங்கள் நான்கு பேர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டு இதை எழுதியிருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள்.

முதலில் குகை விஷயத்தை முடித்துவிடலாம். கொடைக்கானலில் இருக்கும் அந்த இடத்துக்குக் குணா குகை என்ற பெயர் 1991-ல் படம் வந்த பிறகு வந்தது. அதற்கு முன் அது டெவில்ஸ் கிச்சன், பிசாசின் அடுப்படி. தூண் பாறைகளுக்கு நடுவே இருக்கும் ஆழமான பிளவுகள்தான் இந்தக் ‘குகை’. 2006-ல் கேரளாவிலிருந்து வந்த பையன்களில் ஒருவர் உள்ளே விழுந்து, கூட வந்த நண்பரே கயிற்றில் இறங்கித் தூக்கிய சம்பவம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2024-ல் அது ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்று மலையாளப் படமாகவே வந்துவிட்டது. அந்தப் படக்குழு குகைக் காட்சிகளைக் கேரளாவின் பெரும்பாவூரில் செட் போட்டுத்தான் எடுத்தது. சினிமாக்காரர்களுக்கே இல்லாத சாவி உங்கள் ஏஜென்டின் பாக்கெட்டில் மட்டும் எப்படி வந்தது?

வனத்துறை கம்பி வேலி போட்டு வைத்திருக்கிறது. வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும். ‘ஆளைத் தெரியும், உள்ளே விடுவார்’ என்பதற்கு அர்த்தம், யாரும் பார்க்காத நேரத்தில் வேலி தாண்ட வைப்பார் என்பதுதான். மாட்டினால் வழக்கு உங்கள் மேல். ஏஜென்ட் அப்போது போன் எடுக்க மாட்டார். அப்பாவின் முட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேலி வரைக்கும் போகிற பாதையிலேயே மரவேர்கள் தரைக்கு மேல் பின்னிக் கிடக்கும். எல்லாரும் போட்டோ எடுக்கும் இடம் அதுதான். பனி இறங்கியிருந்தால் வழுக்கும். கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போய் வரலாம், அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்து இந்த இரண்டு நாள் கணக்கு. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம், கோவை, பொள்ளாச்சி, பழனி என்று இறங்கி மறுபடி கொடைக்கானல் ஏறினால் ஏறக்குறைய 250 கிலோமீட்டர். ஒரு மலை இறக்கம், ஒரு மலை ஏற்றம். ஒரு பகல் முழுக்க காருக்குள்ளேயே போய்விடும். சினிமாவில் லொகேஷன் மேனேஜராக இருபது வருஷம் ஓடியவன் நான். யூனிட் வண்டியில் அந்த ரூட்டில் போகும்போது 25 வயதுப் பையன்களே பழனியில் இறங்கி முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு தடவைக்கு ஒரு மலை போதும். அப்பா முதலில் சொன்ன படம் ‘மூன்றாம் பிறை’ என்பதால் நான் ஊட்டி என்பேன். கொடைக்கானல் மழைக்காலம் கழிந்து தனியாக, கொடை ரோடு ஸ்டேஷனில் இறங்கிப் போகலாம்.

இப்போது இ-பாஸ். எனக்கு ரத்தம் கொதிப்பது இங்கேதான். மலைக்கு வண்டியில் போகிறவர்கள் எடுக்க வேண்டிய இந்த இ-பாஸ் இலவசம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் நடைமுறையில் இருக்கிறது. அரசு இணையதளத்தில் போன் நம்பர், வண்டி எண், வரும் தேதி, தங்குமிடம், எத்தனை பேர் என்று அடித்தால் வந்துவிடும். மிஞ்சிப்போனால் பத்து நிமிஷம். இதற்கு 1,500 ரூபாய்! 2025-ல் ஏப்ரல் முதல் ஜூன் வரை ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று உச்சவரம்பு வந்தது (கொடைக்கானலுக்கு 4,000, 6,000). அன்றிலிருந்து ‘பாஸ் கிடைக்காது சார், நம்ம ஆள் மூலமா வாங்கணும்’ என்பது ஒரு தொழிலாகிவிட்டது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பாஸ் வண்டி எண்ணுக்குத்தான், ஆளுக்கு இல்லை. ஏஜென்ட் ஒரு வண்டிக்குப் பாஸ் எடுத்துவிட்டு, காலையில் ‘அது சர்வீஸுக்குப் போயிடுச்சு’ என்று வேறு வண்டியை அனுப்புவார். சோதனைச் சாவடியில் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு போனில் ஓடிபி தேடுவது உங்கள் வேலையாகிவிடும்.

உங்களுக்கு உபயோகப்படுகிற விதிவிலக்கு ஒன்று உண்டு. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் எல்லாரும் இதில்தான் குழம்புகிறார்கள். அரசுப் பேருந்திலோ ரயிலிலோ வருகிறவர்களுக்கு இ-பாஸ் வேண்டாம். டி.என். 43 என்று தொடங்கும் உள்ளூர்ப் பதிவு வண்டிக்கும் வேண்டாம். ஆகவே ரயிலில் ஏறி ஊட்டி போய், அங்கே ஒரு டி.என். 43 டாக்ஸி எடுத்தால் இ-பாஸ் என்ற பேச்சே இல்லை. ‘டிரைவர் ஊட்டிக்காரர்தான், பாஸ் வேண்டாம்’ என்று சொன்னால் நம்பாதீர்கள். டிரைவருக்கு ஊட்டியில் சொந்த வீடே இருக்கட்டும், வண்டி கோவைப் பதிவு என்றால் பாஸ் வேண்டும். நேர்மாறான கூத்தும் நடக்கிறது. டி.என். 43 வண்டியை ஊட்டிக்காரரிடமிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கிச் சமவெளியில் ஓட்டிக்கொண்டிருப்பவர் சாவடியைச் சிரித்துக்கொண்டே தாண்டிவிடுகிறார். மலைக்கு வரும் கூட்டத்தைக் குறைக்கத்தான் இத்தனையும். நம்பர் பிளேட்டைப் பார்த்து கூட்டத்தை எண்ணுகிற ஏற்பாட்டை யார் யோசித்தார்களோ, அவர்களை ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை குன்னூர் மலைப்பாதையில் பர்லியார் சாவடியில் இரண்டு மணி நேரம் நிற்க வைக்க வேண்டும். சரி, அது நம் கையில் இல்லை. உங்களுக்குத் தேவையானது இவ்வளவுதான்: மேலே போவது ரயிலில், மேலே சுற்றுவது உள்ளூர் டாக்ஸியில்.

சென்னை சென்ட்ரலில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியற்காலை மேட்டுப்பாளையம். அங்கே 7.10-க்கு மலை ரயில், மதியம் பன்னிரண்டு வாக்கில் ஊட்டி. குன்னூர் வரை நீராவி இன்ஜின், கல்லாறிலிருந்து அதன் பல்சக்கரம் நடுத் தண்டவாளத்தின் பற்களைக் கடித்துக் கடித்து ஏறும். 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பாதை. 1998-ல் ஷாருக் கான் ரயில் கூரை மேல் ஆடிய இந்திப் பாட்டு இந்த ரயிலில் எடுத்ததுதான். பிள்ளைகள் கேட்டால் சொல்லுங்கள், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்ட வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். டிக்கெட்டை ஐஆர்சிடிசியில் நீங்களே எடுங்கள். சீசனில் சீக்கிரம் தீர்ந்துவிடும். கிடைக்கவில்லை என்றால் மேட்டுப்பாளையத்திலிருந்து அரசுப் பேருந்து, அவ்வளவுதான். ‘மலை ரயில் சீட் கன்ஃபர்ம்’ என்று மூன்று மடங்கு வாங்குகிறவரிடம் போகாதீர்கள்.

அப்புறம் இந்த ‘சினிமா கைடு’. தனி டூர் என்று விற்கப்படுவதைப் பிரித்துப் பார்த்தால் ஒரு கார், ஒரு டிரைவர், நான்கு கடைகள். ஹோம்மேட் சாக்லேட் கடை, தைலக் கடை, டீ ஃபேக்டரி வாசலில் ஒரு கடை, சால்வைக் கடை. ஒவ்வொன்றிலும் டிரைவருக்குக் கமிஷன். அரை நாள் அங்கேயே கரைந்துவிடும். மீதி நேரத்தில் கண்ணில் படுகிற ஒவ்வொரு பங்களாவையும் காட்டி ‘இங்கதான் சார் ரஜினி படம்’ என்பார்கள். ஒரு தடவை என்னோடு வந்த டிரைவர் ஒரே வளைவைக் காட்டி ஐந்து படம் சொன்னார். அதில் ஒன்று நான் வேலை பார்த்த படம். அதை எடுத்தது ஆந்திராவில் இருக்கும் தலக்கோணத்தில்.

நிஜமான கைடைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. முன்பணம் கொடுக்கும் முன் போனில் கேளுங்கள்: ‘அந்தக் காட்சியைப் போனில் போட்டுக்காட்டி, கேமரா நின்ற இடத்தில் எங்களை நிறுத்துவீர்களா?’ வேலை தெரிந்தவர் உடனே ‘எந்தக் காட்சி?’ என்று திருப்பிக் கேட்பார். தெரியாதவர் ‘எல்லாம் காட்டிடுவோம் சார்’ என்பார். சுற்றுலாத் துறை அடையாள அட்டை இருக்கிறதா என்றும் கேட்கலாம்தான். ஆனால் அட்டை வைத்திருக்கிறவருக்குக் கோயில், அரண்மனை வரலாறு ஒப்பிக்கத் தெரியும். சினிமா தெரிய வேண்டும் என்ற அவசியம் இல்லை.

உண்மையைச் சொன்னால் உங்களுக்குக் கைடே தேவையில்லை. ‘மூன்றாம் பிறை’ 1982-ல் வந்தது. அதன் கடைசிக் காட்சி கேத்தி ரயில் நிலையத்தில் எடுத்தது. குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே, ஊட்டியிலிருந்து அரை மணிக்குள் போய்விடக்கூடிய சின்ன ஸ்டேஷன். மேட்டுப்பாளையம் ரயிலில் வரும்போதே அதைத் தாண்டித்தான் வருவீர்கள், ஆனால் இறங்கி நின்று பார்க்க அவகாசம் இருக்காது. அதனால் மறுநாள் காலை ஊட்டியிலிருந்து குன்னூர் போகும் பாசஞ்சரில் ஏறி கேத்தியில் இறங்கிவிடுங்கள். டாக்ஸி டிரைவரை ரோடு வழியாக அங்கே வரச் சொல்லிவிடுங்கள். ரயில் கிளம்பிப் போனதும் பிளாட்பாரம் காலியாகிவிடும். அந்த நேரம்தான் முக்கியம். போனில் கடைசிக் காட்சியை ஓட்டி, பின்னால் மலை முகடு தெரியும் ஓர் இடத்தில் நிறுத்துங்கள். போனைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, திரையில் இருக்கும் முகடும் எதிரில் இருக்கும் முகடும் ஒரே கோட்டில் வரும்வரை இரண்டடி முன்னே பின்னே நகருங்கள். வந்துவிட்டால் பாலு மகேந்திராவின் கேமரா ஏறக்குறைய அங்கேதான் இருந்தது. நாங்கள் பழைய படத்தோடு தொடர்ச்சி பார்க்க இப்படித்தான் செய்வோம். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, மரம் வளர்ந்திருக்கும், கட்டடம் வந்திருக்கும், மலை மட்டும் நகர்ந்திருக்காது. அப்பாவையே தேடச் சொல்லுங்கள். படத்தை முன்கூட்டியே டவுன்லோட் செய்து வைத்துக்கொள்ளுங்கள், அங்கே போய் சிக்னலை நம்ப வேண்டாம். தண்டவாளத்தில் மட்டும் யாரும் இறங்கக் கூடாது. ‘கமல் மாதிரி ஒரு ரீல்ஸ்’ என்று பையன் ஆரம்பித்தாலும் சரி.

அன்று மதியத்துக்கு மேல் கூடலூர் சாலையில் பைன் காடு, ஷூட்டிங் மட்டம் போகலாம். எத்தனையோ டூயட்டுகளில் பார்த்த அந்தப் புல்மேடு இதுதான். ஏற்றத்தில் நடக்க வேண்டாம், அப்பா கீழேயே உட்காரட்டும். சில்லறையாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். பூங்கா தோட்டக்கலைத் துறையுடையது, படகு சுற்றுலாக் கழகத்துடையது, காடு வனத்துறையுடையது. ஒவ்வொரு துறைக்கும் ஒரு கவுன்ட்டர், ஒவ்வொரு கவுன்ட்டருக்கும் ஒரு வரிசை. ஒரே சீட்டில் எல்லாம் பார்க்க விட்டால் அரசாங்கத்துக்கு என்ன நஷ்டமோ தெரியவில்லை. பெரிய கேமராவும் ஸ்டாண்டும் எடுத்துப் போகாதீர்கள், ஷூட்டிங் பர்மிஷன் எங்கே என்று கேட்பார்கள். போன் போதும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் வேண்டாம், அபராதம்.

டாக்ஸி பேசும்போது மஞ்சள் போர்டு வண்டியா என்று பாருங்கள். வெள்ளை போர்டு சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டினால், ஏதாவது ஆகிவிட்டால் இன்ஷூரன்ஸ்காரர் கையை விரித்துவிடுவார். வண்டி எண், எந்தெந்த இடம், எத்தனை மணி வரை, பார்க்கிங்கும் டிரைவர் பேட்டாவும் சேர்த்தா தனியா, இதையெல்லாம் வாட்ஸப்பில் எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது ஊட்டிக் குளிரில் உறைந்துவிடும். ஸ்டாண்டில் இரண்டு பேரிடமாவது ரேட் கேளுங்கள். ‘கடைக்கு நிறுத்த வேண்டாம்’ என்று முதலிலேயே சொல்லிவிட்டு, அதற்காக நூறு இருநூறு கூடக் கொடுத்துவிடுங்கள். கமிஷன் போகிற வருத்தம் அவருக்கு இருக்காது, கேத்தியில் உங்களுக்காக முகம் சுளிக்காமல் காத்திருப்பார்.

திரும்பும்போது மலை ரயில் வேண்டாம், அப்பாவுக்கு இரண்டாம் தடவை அவ்வளவு நேரம் உட்கார முடியாது. பேருந்தோ டாக்ஸியோ, மதியச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிடுங்கள். சீசனில் இறங்குகிற வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள். நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவு மேட்டுப்பாளையத்தில் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே ஸ்டேஷனில் இருப்பது நல்லது.