அம்மாவின் எஸ்விடி, அப்ளேஷன் பயம்: ஹட்டன் தம்பிக்குப் பதில்

தம்பி, கொழுந்து பறிக்கையில் அம்மாவின் நெஞ்சு திடீரென நிமிடத்துக்கு 180 தடவை அடிக்கிறது, டொக்டர் எஸ்விடி (இதயத்தின் மின்சாரம் தவறான பாதையில் சுற்றுவதால் வரும் படபடப்பு) என்று அப்ளேஷனுக்காகக் கொழும்புக்கு எழுதியிருக்கிறார், "இதயத்தைச் சுடுவாங்களாம்" என்று அம்மா மறுக்கிறார் என்றீர்கள்.

அப்ளேஷன் என்பது அந்தத் தவறான பாதையைச் சூட்டால் அடைப்பது. அதற்கு நெஞ்சைத் திறக்கமாட்டாங்க. தொடை இடுக்கில் விறைப்பு ஊசி போட்டு, இரத்தக்குழாய் வழியே மெல்லிய வயர்களை இதயத்துக்குள் அனுப்புவாங்க. மின்சாரம் எந்தப் பாதையில் சுற்றுகிறது என்று கண்டுபிடிக்க, வேண்டுமென்றே படபடப்பை வரவழைப்பாங்க. இதை அம்மாவிடம் இப்போதே சொல்லிவையுங்கள். தெரியாமல் போனால் அங்கேதான் கூடுதலாகப் பயப்படுவாங்க. பிறகு சில மில்லிமீற்றர் இடத்தில் மட்டும் சூடு. அவ்வளவுதான் அந்தச் "சுடுறது".

பொதுவான எஸ்விடி வகைகளில் 100 பேரில் 95 பேருக்கு மேல் இது பலிக்கும். ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். துடிப்பைக் கடத்தும் இதயத்தின் இயல்பான மின்முடிச்சு சூடு வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால், 100இல் ஒருவர் அளவுக்குப் பேஸ்மேக்கர் (இதயத்தைத் துடிக்கவைக்க உடலுக்குள் பொருத்தும் கருவி) தேவைப்படலாம். முடிச்சுக்கு மிக அருகில் என்றால் சூட்டுக்குப் பதில் உறையவைக்கும் முறையும் உண்டு. அது தொடக்கத்தில் பிசகினால் நிறுத்தி மீட்கலாம். ஆனால் படபடப்பு திரும்பி வரும் வாய்ப்பு கொஞ்சம் கூட.

படபடப்பு நேரத்தில் எடுத்த ஈசிஜி இருந்தால் கட்டாயம் கொண்டுபோங்க. மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று கிளினிக்கில் கேளுங்கள், நீங்களாக நிறுத்தவேண்டாம். அப்ளேஷன் முடிந்து ஒரு வாரமாவது கூடையோடு மலை ஏறக்கூடாது. தோட்டத்துக்குக் காட்ட லீவுத் துண்டை அங்கேயே வாங்கிவிடுங்கள். அப்ளேஷனுக்கு முன் இடையில் மயங்கி விழுந்தால் திகதிக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.