வேலி போட்ட பூங்கா யாருக்குச் சொந்தம்?

கேள்வி: திசையன்விளை பக்கம், கடலிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிற ஒரு மனைப்பிரிவில் ஆறு சென்ட் வாங்கி வீடு கட்டிக் குடியிருக்கிறோம். மொத்தம் நாலரை ஏக்கர். 2020-ல் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் ஆனது. கணவர் குவைத்தில் இருக்கிறார். இங்கே நான், இரண்டு பிள்ளைகள், மாமியார். நாங்கள் வந்தபோது நாலு வீடு. இப்போது இருபத்தாறு குடும்பம். மனை வாங்கும்போது காட்டிய வரைபடத்தில் நடுவில் பச்சையாகப் பூங்கா இருந்தது. போன மாதம் அந்த இடத்தைச் சுற்றிக் கல்தூண் நட்டு முள்கம்பி கட்டிவிட்டார்கள். கேட்டதற்கு, “அது எங்க பட்டா இடம், விக்கப் போறோம். கடல் பக்கத்துலதான இருக்கு, பிள்ளைங்க அங்க போய் விளையாடட்டும்” என்கிறார் பிளாட் போட்டவர். பஞ்சாயத்தில், “ரோடே எங்ககிட்ட ஒப்படைக்கல, லைட்டும் தண்ணியும் எப்படிக் குடுக்க?” என்கிறார்கள். வீட்டுக்கு ஐயாயிரம் கொடுத்தால் பூங்காவை மீட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? பூங்கா எங்களுக்குக் கிடைக்குமா?

பதில்: பணம் கொடுக்கலாமா என்ற கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். கொடுக்காதீர்கள், அம்மா. இருபத்தாறு வீடு, ஐயாயிரம் வீதம் என்றால் ஒரு லட்சத்து முப்பதாயிரம் ரூபாய். அந்த மனிதர் செய்யப்போகிற வேலைக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பும் நாலு நகல் எடுக்கிற காசும் போதும். ராதாபுரம், வள்ளியூர் வட்டாரத்தில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் மனை அளந்து வரைபடம் போட்டவன் நான். புது மனைப்பிரிவு என்றால் இப்படி ஒருவர் வராமல் இருப்பதில்லை. பெரும்பாலும் பிளாட் போட்டவருக்கே தெரிந்தவராகத்தான் இருப்பார். உங்களிடம் பணத்தை வாங்கிக்கொண்டு ஆறு மாதம் இழுப்பார். அந்த ஆறு மாதத்தில் இடம் கைமாறிவிடும்.

சரி, பூங்காவுக்கு வருவோம். நீங்கள் தேட வேண்டிய காகிதம் ஒன்றே ஒன்றுதான், தானப் பத்திரம்.

நாலரை ஏக்கரை மனையாகப் பிரிப்பவர் முதலில் நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் வரைபடத்துக்குத் தொழில்நுட்ப அனுமதி வாங்குவார். அப்புறம் அந்த வரைபடத்தில் இருக்கிற ரோட்டையும் பூங்காவையும் பஞ்சாயத்தின் பெயருக்குத் தானமாக எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அதற்குப் பிறகுதான் பஞ்சாயத்து இறுதி அனுமதி கொடுக்கும். உங்களுக்கு முறையான அப்ரூவல் இருக்கிறதென்றால் அந்தத் தானப் பத்திரமும் எங்கேயோ இருந்தாக வேண்டும். அது பதிவான நாளிலேயே அந்த இடம் பஞ்சாயத்துடையதாகிவிட்டது. தார் போடவில்லை, விளக்கு போடவில்லை என்பதால் சொந்தம் மாறிவிடாது. “ஒப்படைக்கல” என்ற பதிலை நம்பித் திரும்பி வராதீர்கள்.

பஞ்சாயத்தில் இருப்பவர்களுக்கு உண்மையிலேயே தெரியாமல் இருக்கவும் கூடும். நம் திருநெல்வேலி மாவட்டத்தில் 2016-ல் பதவிக்காலம் முடிந்த பிறகு ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில்தான். உங்கள் லேஅவுட்டுக்கு அனுமதி கிடைத்த 2020-ல் தலைவரும் கிடையாது, வார்டு உறுப்பினரும் கிடையாது. தனி அலுவலர்தான் எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டார். அதனால் கோப்பு ஒன்றிய அலுவலகத்து பீரோவில் கிடக்கலாம். பிறகு வந்த தலைவருக்கும் கிளர்க்குக்கும் அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. இதற்கு நீங்கள் அலைய வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் ஆற்றாமை.

தேடுவது கஷ்டமில்லை. பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றைக் காசில்லாமல் பார்க்கலாம். உங்கள் மனையின் உட்பிரிவு எண்ணை மட்டும் போட்டால் உங்கள் கிரயம் மட்டும்தான் வரும். பத்திரத்தில், பிரிக்கப்படுவதற்கு முன்னால் இருந்த பழைய சர்வே எண்ணும் எழுதியிருக்கும். அந்த எண்ணைப் போட்டு 2019-லிருந்து இன்றுவரை தேடுங்கள். எழுதிப்பெற்றவர் என்ற இடத்தில் ஊராட்சியோ தனி அலுவலரோ இருக்கிற பதிவுதான் நீங்கள் தேடுவது. ஆவண எண்ணையும் வருடத்தையும் குறித்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் மனு போட்டால் பத்திரம் கைக்கு வந்துவிடும்.

“எங்க பட்டா இடம்” என்கிறாரே, அதில் பொய் இல்லாமலும் இருக்கலாம். இங்கேதான் பலர் பயந்து பின்வாங்கிவிடுகிறார்கள். பெரிய சர்வே எண்ணிலிருந்து பூங்காவை மட்டும் தனியாகப் பிரிக்க வேண்டுமென்றால் சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு செய்ய வேண்டும். மனை வாங்கிய ஒவ்வொருவரும் தன் பங்குக்குப் பட்டா மாறுதல் வாங்கிக்கொள்கிறார்கள். பூங்காவுக்கும் ரோட்டுக்கும் மனு போடத்தான் ஆள் கிடையாது. பஞ்சாயத்து போடுவதில்லை, வருவாய்த்துறையும் தானாகச் செய்வதில்லை. ஆகவே கம்ப்யூட்டரில் பழைய சொந்தக்காரர் பெயரே வருடக்கணக்காக உட்கார்ந்திருக்கும். தானம் எழுதிக் கொடுத்தவர் பெயரில் பட்டா இருப்பது அலுவலகங்களின் அலட்சியத்துக்குத்தான் சாட்சி, அவருடைய உரிமைக்கு அல்ல.

நான் வரைபடம் போட்ட ஒரு மனைப்பிரிவிலேயே இது நடந்தது. தேரிக்காட்டு ஓரம், செம்மண் பூமி. பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு வீட்டுக்குப் பிளான் போடப் போனேன். நான் பூங்காவென்று குறித்த இடத்தில் தகரம் வேய்ந்த குடோன் நின்றது. மூலையில் நான் நின்று ஊன்ற வைத்த கல் வாசல்படியின் கீழே முக்கால்வாசி புதைந்து கிடந்தது. மேலே அடித்த வெள்ளைச் சுண்ணாம்பு மட்டும் ஒரு விரல் அகலம் தெரிந்தது. விசாரித்தால், தானம் எழுதியவர் காலமாகிவிட்டார், பட்டாவில் அவர் பெயரே இருந்ததால் வாரிசுகள் அப்பா சொத்தென்று நினைத்து விற்றிருக்கிறார்கள். வாங்கியவரும் வெளியூர்க்காரர், நகையை அடகு வைத்துப் பணம் கொடுத்தவர். எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் நானே தானப் பத்திர நகலை மூன்று முறை கொடுத்தேன். மூன்று முறையும் “கோப்பில் இல்லை” என்று பதில் வந்தது. அந்தத் தெருப் பிள்ளைகள் இன்றைக்கும் ரோட்டில்தான் பந்து விளையாடுகிறார்கள்.

அதனால் பத்திர நகல் கைக்கு வந்ததும் இரண்டு மனு எழுதுங்கள். ஒன்று சார்பதிவாளருக்கு. இந்த எண்ணுள்ள தானப் பத்திரப்படி இந்த இடம் உள்ளாட்சிக்குச் சொந்தம், இதற்கு வேறு கிரயம் பதியக் கூடாது என்று ஆட்சேபணை. உள்ளாட்சியின் நிலத்தை விற்க வந்தால் பதிவை மறுக்கப் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு அவருக்கு இடம் கொடுக்கிறது. இன்னொன்று தாசில்தாருக்கு, பூங்காவையும் ரோட்டையும் உட்பிரிவு செய்து ஊராட்சி பெயருக்கு மாற்றச் சொல்லி. இரண்டுக்கும் ஒப்புகை வாங்காமல் வராதீர்கள். ஒரு மாதத்தில் அசைவில்லையென்றால் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனுநாளில் அதே நகல்களோடு போய் நில்லுங்கள்.

இனி ஒரு விதிவிலக்கு. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், ஏனென்றால் பிளாட் போட்டவர் அடுத்து இதைத்தான் கையில் எடுப்பார். “பார்க்குக்குப் பதிலா கவர்மெண்டுக்குப் பணம் கட்டிட்டேன்” என்பார். அப்படி ஒரு வழி உண்டு. 2019-ல் வந்த கட்டட விதிகளின்படி மனைப்பிரிவின் மொத்தப் பரப்பு 3,000 சதுர மீட்டருக்குள், அதாவது ஏறக்குறைய 74 சென்ட்டுக்குள் இருந்தால் பொது இடமே விட வேண்டாம். அதற்கு மேல் 10,000 சதுர மீட்டர் வரை, நம் கணக்கில் 2 ஏக்கர் 47 சென்ட் வரை, இடமாக விட முடியாதபோது அதன் வழிகாட்டி மதிப்பை, அதாவது அரசு நிர்ணயித்த விலையை, பணமாகக் கட்டலாம். அதையும் தாண்டிவிட்டால் பணத்துக்கு வேலையில்லை. ரோடு போக மீதியில் பத்தில் ஒரு பங்கை இடமாகவே விட்டாக வேண்டும். உங்களுடையது நாலரை ஏக்கர். ரோடு போக மூன்று ஏக்கர் சொச்சம் என்று வைத்தால் பூங்கா முப்பது சென்ட் அளவில் வர வேண்டும். பணம் கட்டினேன் என்ற பேச்சு அங்கே நிற்காது.

ஆனால் ஒன்றைப் பாருங்கள். உங்கள் பத்திரத்தில் அப்ரூவல் எண் எழுதியிருக்கும். உங்களுடையதும் எதிர்த்தெரு வீட்டுக்காரருடையதும் ஒரே எண்தானா? இரண்டு வேறு எண்கள் இருந்தால், ஒரே பூமியை இரண்டே கால் ஏக்கர் வீதம் இரண்டு துண்டாக்கித் தனித்தனியாக அனுமதி வாங்கியிருக்கிறார் என்று அர்த்தம். ஃபேஸ் ஒன்று, ஃபேஸ் இரண்டு என்று பெயர் வைப்பது பல இடத்தில் இதற்காகத்தான். அப்போது ஒவ்வொரு துண்டும் அந்த எல்லைக்குள் வந்துவிடும், பணம் கட்டியிருக்கவும் வாய்ப்புண்டு. விற்பனை நோட்டீஸில் அவர் காட்டிய பச்சை அவருடைய சொந்த நிலத்தில் அடித்த வர்ணமாக ஆகிவிடும். அனுமதி பெற்ற வரைபடத்தில் அந்த இடம் என்னவென்று குறித்திருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். நோட்டீஸ் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள். அரசு முத்திரை உள்ள வரைபட நகலை வாங்குங்கள்.

முத்திரை வரைபடத்தில் பூங்கா இருந்தால் உங்கள் பக்கம் பலமானது. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது, அந்தப் பகுதிக் குடியிருப்பவர்கள் வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம்வரை போய் 1991-லேயே ஜெயித்தார்கள். மருத்துவமனைக்கே கொடுக்கக் கூடாதென்றால் மனையாக விற்பதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் மனைப்பிரிவு ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவாகியிருந்தால் அங்கேயும் புகார் செய்யலாம். மனை வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் எழுத்தில் சம்மதிக்காமல் அனுமதித்த வரைபடத்தை மாற்ற அவருக்கு உரிமை கிடையாது. எனவே “அசோசியேஷன் ஆரம்பிக்க” என்று சொல்லி யாராவது வெற்றுத்தாளிலோ படிக்காத பாரத்திலோ கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். மாமியாரிடமும் சொல்லி வையுங்கள், பகலில் வீட்டில் இருப்பவர்களிடம்தான் வந்து வாங்குவார்கள்.

இன்னொரு யோசனையும் உங்கள் காதுக்கு வரும். பூங்காவில் ஒரு பிள்ளையாரையோ குருசடியையோ (சிலுவை வைத்த சிறு ஆலயம்) வைத்துவிட்டால் யாரும் தொட மாட்டார்கள் என்பார்கள். நல்ல எண்ணத்தில் சொல்பவர்களும் உண்டு. வேண்டாம் அம்மா. அதுவும் ஆக்கிரமிப்புதான். இன்றைக்கு ஒன்றாக நிற்கிற இருபத்தாறு குடும்பமும் அதற்குப் பிறகு இரண்டாகிவிடும். இரண்டு இடத்தில் பார்த்துவிட்டேன்.

கடலில் போய் விளையாடட்டும் என்றாரே, அதுதான் எனக்கு ஆறவில்லை. உவரி, கூடுதாழை, இடிந்தகரை, எந்தக் கடற்கரையானாலும் அது வள்ளம் ஏற்றி வலை உலர்த்துகிற மக்களின் தொழிலிடம். ஆனி ஆடிக் காற்றில் அலை எப்படி வரும் என்று அவர்களைக் கேட்டால் தெரியும். சின்னப் பிள்ளைகளைத் தனியே அனுப்புகிற இடம் அல்ல. வீட்டு வாசலிலிருந்து நீங்கள் குரல் கொடுத்தால் கேட்கிற தூரத்தில் ஒரு வேப்பமரமும் கொஞ்சம் மணலும் வேண்டும், அதற்குத்தான் அந்த முப்பது சென்ட்.

தண்ணீர், விளக்கு இரண்டும் இதே பத்திரத்தோடு கட்டுப்பட்டவை. ரோடு பஞ்சாயத்துடையது என்று காட்டிவிட்டால் கூட்டுக் குடிநீர்க் குழாயை நீட்டச் சொல்லிக் கேட்க வழி பிறக்கும். கிராம சபையில் மனுவாகக் கொடுத்துத் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள். வருடத்தில் ஆறு நாள் நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. போர்வெல்லை நம்பி இருந்துவிடாதீர்கள். கடலோரத்தில் முதல் வருடம் இளநீர் மாதிரி இருந்த தண்ணீர், அக்கம்பக்கத்தில் பத்து மோட்டார் ஓட ஆரம்பித்ததும் உப்புக் கரிக்கும்.

வேலியில் கை வைக்காதீர்கள். கல்லைப் பிடுங்கினால் போலீஸ் கேஸ் உங்கள் மேல்தான் வரும். தேதி தெரியும்படி நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைத்தால் போதும். வீடு கணவர் பெயரில் இருந்தாலும் தகவல் அறியும் மனுவை நீங்கள் உங்கள் பெயரிலேயே போடலாம். ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். “ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை” என்று கேட்டால் அதைத் தகவல் இல்லையென்று தள்ளிவிடுவார்கள். அனுமதித்த வரைபடத்தின் நகல், தானப் பத்திரத்தின் நகல், இறுதி அனுமதி உத்தரவின் நகல், இந்த மூன்றை மட்டும் கேளுங்கள். பத்து ரூபாய் ஸ்டாம்பை ஒட்டி ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிட்டு, ரசீதைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் மேல்முறையீடு போட வேண்டும், அந்தத் தேதியை இப்போதே காலண்டரில் குறித்துவிடுங்கள்.