டெபாசிட் முதிரும்வரை ஃபில்டர் காத்திருக்குமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. விபத்தில் தலைக்குள் ரத்தக்கசிவு. படுக்கையில் இருந்தபோது காலில் ரத்தக்கட்டி வந்துவிட்டது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுத்தால் தலையில் கசிவு கூடும் என்று, வயிற்றுக்குள் போகும் பெரிய சிரையில் ஃபில்டர் வைத்தார்கள். இன்றோடு 38 நாள். இப்போது மருந்து தொடங்கியாகிவிட்டது, ஃபில்டரை எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். காப்பீட்டுத் தொகை முதல் சிகிச்சையிலேயே தீர்ந்துபோனது. கையில் இருப்பது ஓர் ஆண்டு டெபாசிட் ஒன்றுதான், முதிர இன்னும் 5 மாதம். "உள்ளே சும்மாதானே இருக்கிறது, இருக்கட்டும்" என்கிறார் மாமா. "கரையும் ஃபில்டர் வைத்திருந்தால் இந்தச் செலவே வந்திருக்காது" என்கிறான் தம்பி. டெபாசிட்டை உடைக்கவா, காத்திருக்கவா?

பதில்: காத்திருக்க வேண்டாம். டெபாசிட்டை உடைக்கவும் வேண்டாம். அதன் மீது கடன் வாங்குங்கள்.

எப்போது எடுப்பது என்பது டாக்டரின் முடிவு, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் அவர் "எடுக்கலாம்" என்று சொன்ன பிறகு நாளைத் தள்ளுவது பணம் சம்பந்தப்பட்ட முடிவு. அங்கேதான் மாமாவின் கணக்கு தவறுகிறது. ஃபில்டர் உள்ளே சும்மா இருப்பதில்லை. டெபாசிட்டுக்கு வட்டி ஏறுவதுபோல அதை வெளியே எடுக்கும் செலவும் நாளாக நாளாக ஏறும்.

குடைக்கம்பிகள் போல விரிந்த சிறு உலோகக் கூம்பு அது. காலிலிருந்து கிளம்பும் கட்டி நுரையீரலுக்குப் போகாமல் வழியிலேயே பிடித்துக்கொள்ளும். சரியான நேரத்தில் எடுத்தால் வேலை சுலபம். கழுத்துச் சிரையில் சின்னத் துளை போட்டு, சுருக்குக்கம்பியால் ஃபில்டரின் கொக்கியைப் பிடித்து, மேலே குழாயைச் செலுத்தினால் கம்பிகள் மடங்கி உள்ளே வந்துவிடும். பெரும்பாலும் அன்றைக்கே வீடு திரும்பலாம். நாள் கடந்தால் கம்பிகள் சிரையின் சுவரில் பதியும், ஃபில்டர் சாயும், கொக்கியைச் சதை மூடும். அப்புறம் இடுக்கி, லேசர் குழாய், முழு மயக்க மருந்து, அனுபவமுள்ள பெரிய மையம் என்று பில் வேறு மாதிரி ஆகிவிடும். அவ்வளவும் செய்தும் எடுக்க முடியாமல் போவதும் உண்டு.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010-ல் வெளியிட்ட எச்சரிக்கையில், 2005 முதல் வந்த 921 பாதகப் புகார்களைக் கணக்குக் காட்டியது. அவற்றில் 328 ஃபில்டர் இடம் நகர்ந்தவை, 70 சிரையைத் துளைத்தவை, 56 கம்பி முறிந்தவை. 2014-ல் அதே நிர்வாகம் இன்னொன்றும் சொன்னது: நுரையீரல் அடைப்பு அபாயம் கடந்துவிட்டவர்களுக்கு, பொருத்திய 29-ஆவது நாளுக்கும் 54-ஆவது நாளுக்கும் இடையே, வைத்திருப்பதைவிட எடுப்பதே மேல் என்று தராசு சாயத் தொடங்குகிறது. அது கணித மாதிரியில் கிடைத்த எண், உங்கள் அப்பாவுக்கென்று எழுதிய நாள் அல்ல. ஆனாலும் நீங்கள் 38-ல் நிற்கிறீர்கள். டெபாசிட் முதிரும் நாளில் 190 நெருங்கியிருக்கும்.

நிரந்தரமாக விட்டுவிட்டால் செலவு மிச்சம்தானே என்று மாமா அடுத்துக் கேட்பார். பிரான்சில் 400 நோயாளிகளை வைத்து நடந்து 1998-ல் வெளியான ஆய்வு இதற்குப் பதில் வைத்திருக்கிறது. நிரந்தர ஃபில்டர் முதல் சில நாட்களில் நுரையீரல் அடைப்பைக் குறைத்தது, உண்மை. இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால், ஃபில்டர் வைத்தவர்களில் 20.8 சதவீதம் பேருக்குக் காலில் மறுபடி ரத்தக்கட்டி. வைக்காதவர்களில் அது 11.6 சதவீதம். இன்னொரு முறை மருத்துவமனைப் படி ஏறுவதற்கான வாய்ப்பை எந்த மிச்சக் கணக்கில் சேர்ப்பது?

இப்போது டெபாசிட். விகிதங்களை நானே ஊகிக்கிறேன், உங்கள் வங்கி சொல்வதைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். டெபாசிட் 100, ஆண்டு வட்டி 7 சதவீதம், 7 மாதம் முடிந்திருக்கிறது. இன்று உடைத்தால் வங்கி குறைந்த காலத்துக்குரிய வட்டியைக் கணக்கிட்டு, அதிலும் அபராதம் கழிக்கும். 5 சதவீதம் தேறுகிறது என்று வையுங்கள். 7 மாதத்துக்கு 4.08 வரவேண்டிய இடத்தில் 2.92 வரும். இழப்பு 1.16. கடன் என்றால் டெபாசிட் வட்டியைவிட 2 சதவீதம் கூடுதலாகக் கேட்பார்கள் என்று எடுத்துக்கொள்வோம். 5 மாதத்துக்கு 3.75 கட்டுவீர்கள், அதே காலத்தில் டெபாசிட் 2.92 ஈட்டும். கையை விட்டுப் போவது 0.83. வித்தியாசம் பெரிதில்லைதான். ஆனால் சிகிச்சைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் கடன் எடுக்கலாம், வட்டியும் அதற்கு மட்டும்தான். உடைத்தால் பெரும்பாலும் முழுதாக உடைக்க வேண்டும். மிச்சப் பணம் சேமிப்புக் கணக்குக்கு வரும், வந்த பணம் தங்காது என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும்.

கிரெடிட் கார்டில் போட்டுவிட்டு 5 மாதம் இழுக்கும் யோசனை யாருக்காவது வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

காப்பீடு தீர்ந்துவிட்டது என்று கைவிடுவதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். பாலிசி புதுப்பிக்கும் தேதி எது? புதிய ஆண்டு தொடங்கினால் காப்பீட்டுத் தொகை மறுபடி முழுதாகும். அது பத்துப் பதினைந்து நாளில் வருகிறது, டாக்டரும் சரி என்கிறார் என்றால் அதற்குப் பிறகு தேதி வாங்கலாம். மாதக்கணக்கு என்றால் அதை மறந்துவிடுங்கள். இரண்டாவது, தீர்ந்த தொகையை அதே ஆண்டில் மீண்டும் நிரப்பித் தரும் வசதி சில பாலிசிகளில் உண்டு. அதே நோய்க்குச் செல்லுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், போனில் சொல்வது க்ளெய்முக்கு உதவாது. இரண்டுக்கும் டாக்டரிடம் ஒரு கடிதம் தேவைப்படும்: ஃபில்டர் வைத்த தேதி, அதன் மாடல் பெயர், பிறகு அகற்றும் நோக்கத்தோடுதான் வைக்கப்பட்டது என்ற வரி.

தம்பிக்கு: "கரையும்" என்ற ஒரே சொல்லில் இரண்டு பொருள் ஓடுகிறது. ஒன்று, தையல் நூலாகப் பயன்படும் பாலிடையாக்சனோன் என்ற பொருளாலேயே முழுதாகச் செய்து, வேலை முடிந்ததும் உடலுக்குள் கரைவது. பன்றிகளில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், மருத்துவமனைகளில் வழக்கமாக வைக்கும் பொருளாக அது ஆகவில்லை. இன்னொன்று 2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சென்ட்ரி. அதில் கரைவது கம்பிகளைச் சேர்த்துக் கட்டியிருக்கும் இழை மட்டும். குறைந்தது 60 நாள் கழித்து அது கரைந்ததும் கம்பிகள் விரிந்து சிரையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், உலோகச் சட்டம் உள்ளேயே தங்கும். எடுக்கும் செலவு மிச்சமாகும் யோசனை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அப்பாவின் சிரையில் இருப்பது உலோகம், எத்தனை மாதம் பொறுத்தாலும் அது கரையாது.

பணத்தைவிடவும் ஒரு பயம் எனக்கு இருக்கிறது, மறதி. பாஸ்டனில் ஒரு மருத்துவமனை வைத்த 679 அகற்றக்கூடிய ஃபில்டர்களில் வெற்றிகரமாக எடுக்கப்பட்டவை 58 மட்டுமே என்று 2013-ல் ஓர் ஆய்வு வந்தது. உடம்பு தேறிவிடும், வலி இருக்காது, கூப்பிட்டு நினைவூட்ட ஆளிருக்காது. ஆகவே கடன் கைக்கு வரும்வரை பொறுக்காமல், இந்த வாரமே தேதி வாங்கிவிடுங்கள். எடுத்த பிறகு வரும் ரிப்போர்ட்டில் "முழுமையாக அகற்றப்பட்டது" என்ற வரி இருக்கிறதா என்று பார்த்து, பாலிசிக் காகிதங்களோடு சேர்த்து வையுங்கள். அடுத்த புதுப்பித்தலில் கேட்பார்கள்.